டெமோவில் ஓடியது, செக்கிங் மேஜையில் நின்றது

"முடிந்துவிட்டது, டெஸ்டிங் மட்டும்தான் பாக்கி."

கோவை அவிநாசி சாலையிலும் சரவணம்பட்டியிலும் விளாங்குறிச்சி டைடல் பார்க்கிலும் மென்பொருள் குழுக்கள் காலையில் நடத்தும் ஸ்டாண்டப் கூட்டங்களில் இந்த வாக்கியத்தைக் கேட்காத நாள் இருக்காது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் எழுதிய நிரல் அவருடைய கணினியில் ஓடுகிறது. அந்த அளவில் அவருக்கு அது முடிந்ததுதான். அதையே கேட்கும் டெஸ்டர், மாலைக்குள் தன் தலையில் வேலை விழப்போகிறது என்று எடுத்துக்கொள்கிறார். மேலாளர் இந்த மாத பில்லில் சேர்க்கலாம் என்று குறித்துக்கொள்கிறார். எதை முதலில் செய்வது என்று தீர்மானிக்கும் புரொடக்ட் ஓனர் வாடிக்கையாளருக்கு ஃபோன் போட்டு, திங்கட்கிழமையிலிருந்து பயன்படுத்தலாம் என்றே சொல்லிவிடுகிறார். ஒரே வாக்கியம் நான்கு பேருக்கு நான்கு வாக்குறுதிகளாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவற்றில் ஒன்றுகூட இன்னும் நிறைவேறவில்லை.

மென்பொருளைச் சிறுசிறு பகுதிகளாகச் செய்து அடிக்கடி கொடுக்கும் அஜைல் முறையில் வேலை செய்யும் குழுக்களிடம் இந்தக் குழப்பத்துக்கு ஒரு மருந்து இருக்கிறது. அலுவலகங்களில் 'டெஃபனிஷன் ஆஃப் டன்' என்பார்கள். இங்கே முடிவு வரையறை என்று சொல்லிக்கொள்வோம். ஒரு வேலை எந்தெந்தப் படிகளைத் தாண்டினால் முடிந்ததாகக் கணக்கு என்பதை, வேலையைத் தொடங்கும் முன்பே குழு பேசி எழுதிவைத்துக்கொள்ளும் ஒப்பந்தம் அது. இல்லாத குழுக்கள் குறைவு. ஆனால் பல குழுக்களில் அது ஏதோ ஒரு விக்கிப் பக்கத்தில், புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாள் மட்டும் காட்டப்படும் ஆவணமாகக் கிடக்கிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிக்காமல் விட்ட வேலை எங்கும் மறைந்துபோவதில்லை, கை மாறுகிறது. கை மாறும்போது யாருக்குக் குரல் குறைவோ அவரிடமே போய்ச் சேருகிறது. அந்தக் கைமாற்றத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதுதான் முடிவு வரையறையின் முதல் பயன். தரம், வேகம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தக் கேள்வி எப்படி இவ்வளவு கூர்மையானது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். தேவைகளைத் திரட்டுவது, வடிவமைப்பது, நிரல் எழுதுவது, சோதிப்பது, வெளியிடுவது என்று கட்டம் கட்டமாகத் திட்டங்கள் நகர்ந்த காலத்தில், ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஓர் ஆவணத்தில் கையெழுத்து விழும். கையெழுத்து விழுந்தால் அந்தக் கட்டம் முடிந்தது. பதினெட்டு மாதத் திட்டம் பதினைந்தாவது மாதம்வரை அறிக்கைகளில் பச்சை நிறத்திலேயே இருக்கும். ஓடும் மென்பொருளை மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பெல் லேப்ஸைச் சேர்ந்த டாம் கார்கில் சொன்னதாக ஜான் பென்ட்லி 1985-இல் தன் பத்தியில் எடுத்துப்போட்ட ஒரு கிண்டல் இன்றைக்கும் வழங்குகிறது: நிரலின் முதல் 90 சதவீதம், முதல் 90 சதவீத நேரத்தைத் தின்னும், மீதி 10 சதவீதம், இன்னொரு 90 சதவீத நேரத்தைத் தின்னும். கணக்கு 180-க்குப் போவதுதான் நகைச்சுவை. தொழிலில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகச் சிரிப்பு வராது.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதினார்கள். அதனுடன் வந்த 12 கோட்பாடுகளில் ஒன்று, ஓடும் மென்பொருளே முன்னேற்றத்தின் முதன்மை அளவுகோல் என்கிறது. படிக்க எளிமையான வரி. ஆனால் கையெழுத்து இருந்த இடத்தில் மென்பொருளை வைத்தவுடன், ஓடுகிறது என்றால் யாருடைய கணினியில், எந்தத் தரவை வைத்து, எத்தனை பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது என்ற கேள்விகள் வரிசைகட்டி வந்தன. ஸ்பிரிண்ட் என்ற இரண்டு வாரச் சுற்றுகளாக வேலையை ஓட்டும் குழு, ஆண்டுக்கு 26 முறை அவற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரமை ஜெஃப் சதர்லேண்டும் கென் ஷ்வேபரும் 1995-இல் ஊப்ஸ்லா என்ற மென்பொருள் மாநாட்டில் முன்வைத்தார்கள். அதன் விதிகளைச் சுருக்கித் தரும் ஸ்க்ரம் கைடு 2010-இல் வந்தது. பிறகு பலமுறை திருத்தினார்கள். அந்தத் திருத்தங்களில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். தொடக்கத்தில், இந்த ஸ்பிரிண்டில் இவ்வளவு வேலையை முடிப்போம் என்று குழு உறுதி கொடுக்க வேண்டியிருந்தது. 2011 திருத்தத்தில் அந்த உறுதி போய், முன்கணிப்பு ஆனது. 2020 நவம்பரில் வந்த பதிப்பிலோ, முடிவு வரையறை உறுதிமொழிகளில் ஒன்றாக ஏற்றப்பட்டது. எவ்வளவு முடிப்போம் என்பது கணிப்பு. முடிப்பது என்றால் என்ன என்பது வாக்கு. நம் அலுவலகங்களில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. எண்ணிக்கையை வாக்காகக் கொடுத்துவிட்டு, தரத்தைக் கணிப்பாக வைத்துக்கொள்கிறோம். ஸ்பிரிண்டின் கடைசி நாளில் எட்டு ஸ்டோரியும், அதாவது எடுத்துக்கொண்ட எட்டு சிறு வேலைகளும், முடிந்தாக வேண்டும் என்றால் எட்டும் முடிந்துவிடும், எதை முடிவு என்கிறோம் என்பதை மட்டும் கொஞ்சம் தளர்த்திக்கொண்டால்.

கைடின் மற்றொரு விதி இன்னும் கறாரானது. வரையறையை எட்டாத உருப்படியை வெளியிடக் கூடாது. அதோடு நிற்காமல், ஸ்பிரிண்டின் முடிவில் செய்ததைக் காட்டும் ஸ்பிரிண்ட் ரிவ்யூ கூட்டத்தில் காட்டவும் கூடாது. அது, செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலான பேக்லாக்குக்குத் திரும்ப வேண்டும். நடைமுறையில் இந்த விதியைப் போல மீறப்படும் விதி வேறில்லை. காட்டினால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பவர்களுக்காகத்தான் அடுத்த பகுதி.

பண்டல், ஆல்டர், சனிக்கிழமை

ஒரு கற்பனைக் குழுவை எடுத்துக்கொள்வோம். திருப்பூர் பனியன் நிறுவனம் ஒன்றுக்காகக் கோவையில் ஏழு பேர் சேர்ந்து, உற்பத்தியைப் பின்தொடரும் மொபைல் செயலி எழுதுகிறார்கள். கட்டிங்கில் வெட்டிய துணி பண்டல் பண்டலாகக் கட்டப்பட்டுப் பவர் டேபிளுக்குப் போகிறது. ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் மிஷின்களில் தைத்துச் செக்கிங் மேஜைக்கு வருகிறது. அங்கே நல்ல பீஸ் ஒரு பக்கம் அடுக்கப்படும். தையல் பிசகியது சரிசெய்வதற்காக ஆல்டருக்குத் திரும்பும். இந்த ஸ்பிரிண்டின் ஸ்டோரி இதுதான்: செக்கிங் சூப்பர்வைசர் ஒவ்வொரு பண்டலுக்கும் நல்ல பீஸ் எத்தனை, ஆல்டர் எத்தனை என்று ஃபோனில் பதிய வேண்டும்.

புதன்கிழமை மாலையே டெவலப்பர் முடித்துவிடுகிறார். டெஸ்டர் வேறு வேலையில் இருப்பதால் மேலோட்டமாகப் பார்த்து விடுகிறார். வெள்ளிக்கிழமை டெமோவில் மூன்று பண்டல்களைப் பதிந்து காட்ட, மொத்தம் சரியாக வருகிறது, வாடிக்கையாளர் தலையாட்டுகிறார். திங்கட்கிழமை செயலி கம்பெனிக்குள் நுழைகிறது.

முதல் மணி நேரத்தில் 40 பீஸ் பண்டல் ஒன்று வருகிறது. 34 நல்லது, 6 ஆல்டர், பதிவாகிறது. மதியம் அந்த 6 பீஸும் சரிசெய்யப்பட்டுத் திரும்பி வருகின்றன. சூப்பர்வைசர், செயலியைப் பழக்கிக்கொடுக்க வந்த பையனிடம் கேட்கிறார்: "தம்பி, ஆல்டர் போய்த் திரும்பி வந்த பீஸை எதில் போடுவது?" எதிலும் போட இடமில்லை. புதிய பதிவாகப் போட்டால் 40 பீஸ் பண்டலுக்கு 46 பீஸ் கணக்கு ஏறுகிறது. போடாமல் விட்டால் 34 பீஸுக்குத்தான் பீஸ் ரேட். வாரக் கூலி சனிக்கிழமை. ஒரு வழியில் முதலாளிக்கு நஷ்டம், இன்னொரு வழியில் தைத்தவருக்கு.

அடுத்தது ஃபோன். கோவை அலுவலகத்தில் சோதித்தது புதிய ஃபோன், கண்ணாடி போன்ற வைஃபை. இங்கே இருப்பது திரை கீறிய பழைய ஆண்ட்ராய்டு. தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் வந்தும் வராமலும் இருக்கிறது. 'சேமி' பொத்தானை அழுத்தினால் சக்கரம் சுற்றுகிறது. சுற்றுகிறதே என்று மறுபடி அழுத்துகிறார். சிக்னல் வந்ததும் ஒரே பண்டல் இரண்டு முறை பதிவாகிறது. மாலை அறிக்கையை அச்சடித்தால் தைத்தவர்களின் தமிழ்ப் பெயர்களில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கின்றன. 'கோமதி' யார் என்று கண்டுபிடிக்கவே ஆள் தேவைப்படுகிறது.

சூப்பர்வைசர் என்ன செய்வார்? தனக்குத் தெரிந்ததைச் செய்கிறார். மேஜைக்கடியில் இருந்த கோடு போட்ட நோட்டை எடுத்து வழக்கம்போல எழுதுகிறார். செயலியிலும் பதிகிறார், பதியச் சொல்லி மேலிடத்து உத்தரவு. இரண்டும் ஒத்துப்போகாத இடங்களை மாலை உட்கார்ந்து சரிபார்க்கிறார். குழு விட்டுவைத்தது மிஞ்சிப்போனால் மூன்று நாள் வேலை. மூன்று நாளை மிச்சம்பிடித்தவர்கள் கோவையில் இருக்கிறார்கள். அதை நாள்தோறும் தவணையாகக் கட்டுகிறவர் திருப்பூரில் இருக்கிறார். அவர் எந்த ஸ்டாண்டப்பிலும் பேசுவதில்லை. அவருடைய அந்தக் கூடுதல் அரை மணி நேரம் வேலைகளைக் குறித்துவைக்கும் எந்த ஜிரா பலகையிலும் ஏறுவதில்லை. இப்படி விட்டுவைப்பதைத் தொழில்நுட்பக் கடன் என்று 1992-இல் வார்ட் கன்னிங்காம் பேசத் தொடங்கியதிலிருந்து எல்லோரும் அப்படியே சொல்கிறோம். அவர் சொன்ன கடனில் வாங்கியவரே வட்டியும் கட்டுவார். இங்கே நடப்பதற்கு அவ்வளவு கௌரவமான பெயர் தகாது.

இந்தக் கோளாறுகள் எல்லாம் ஒரே வகை அல்ல. ஆல்டர் திரும்பி வருவது இந்த ஸ்டோரிக்கு மட்டும் உரிய விஷயம். அது ஏற்பு நிபந்தனைகளில் எழுதப்பட்டிருக்க வேண்டும்: ஆல்டராகப் போன பீஸ் திரும்பும்போது அதே பண்டலின் நல்ல பீஸ் கணக்கில் சேர வேண்டும், பண்டலின் மொத்தம் கூடக் கூடாது. இருமுறை அழுத்தினால் இருமுறை பதிவாவதும், பழைய ஃபோனில் தடுமாறுவதும், தமிழ் உடைவதும் அப்படி அல்ல. செயலியின் எந்தத் திரையை எடுத்தாலும் இவை வரும். எனவே இவை முடிவு வரையறையில் ஒருமுறை ஏறினால் போதும். ஒவ்வொரு ஸ்டோரியிலும் எழுத வேண்டியதில்லை, எழுத மறந்தால் விட்டுப்போகும் என்ற பயமும் இல்லை. புதிதாக வருகிறவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதைப் பார்க்கிறேன். ஏற்பு நிபந்தனை, சரியான பொருளைச் செய்தோமா என்று கேட்கிறது. முடிவு வரையறை, செய்ததைச் சரியாகச் செய்தோமா என்று கேட்கிறது. இரண்டையும் தாண்டினால்தான் ஸ்டோரி முடிந்தது.

இரண்டிலும் அடங்காத ஒன்றும் உண்டு. ஆல்டர் என்ற ஒன்று திரும்பி வரும் என்பதே குழுவில் யாருக்கும் தெரியவில்லை என்றால் அதை எந்தப் பட்டியலும் பிடிக்காது. ஒரு நாள் பல்லடம் பஸ்ஸோ திருப்பூர் பஸ்ஸோ ஏறிப் போய்ச் செக்கிங் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும். கோவையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான், இருந்தும் போவதில்லை.

இந்தக் குழு தன் வரையறையில் எவற்றை எழுதலாம்? எழுதியவர் அல்லாத இன்னொருவர் நிரலைப் படித்திருக்க வேண்டும். தானியங்கிச் சோதனைகள் ஓடி, நிரல் எழுதியவரின் தனிப் பிரதியான தனிக் கிளையிலேயே கிடக்காமல், எல்லோருக்கும் பொதுவான பிரதானக் கிளையில் சேர்ந்திருக்க வேண்டும். தொழிற்கூடத்தில் புழங்கும் மிகப் பழைய ஃபோனில், சிக்னலை அறுத்து அறுத்துச் சோதித்திருக்க வேண்டும். ஒரே பதிவை இருமுறை அனுப்பினாலும் ஒன்றாகவே விழ வேண்டும். தமிழ்ப் பெயர் திரையிலும் அச்சிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏதாவது தவறினால் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியை ஒருமுறையாவது நடந்து பார்த்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் ஃபோன் செய்தால் எடுக்கப்போகிறவருக்கு, புதிதாக என்ன வந்திருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். கடைசி இரண்டும் எழுதப்பட்டிருக்கும் பட்டியல்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். திரும்பும் வழி யாருக்கும் டெமோவில் காட்டும் பொருள் இல்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஏற்றுமதிக்காரர் அறிந்த பாடம்

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பாடத்தைத் திருப்பூருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. 5,000 பீஸ் ஆர்டர் ஒன்றை வெளிநாட்டு பையர் கொடுக்கிறார் என்றால், எப்படிப் பரிசோதிப்போம் என்பது கட்டிங் தொடங்கும் முன்பே தாளில் இருக்கும். ஐ.எஸ்.ஓ. 2859 அட்டவணைப்படி, வழக்கமான பரிசோதனை, பொது நிலை 2 என்றால், 5,000 பீஸ் கொண்ட லாட்டிலிருந்து 200 பீஸை எடுப்பார்கள். ஏ.க்யூ.எல். என்ற ஏற்கத்தக்க தர அளவு 2.5 என்று பேசியிருந்தால் அந்த 200-இல் பெரிய குறை உள்ளவை 10 வரை இருக்கலாம். 11 ஆனால் லாட் முழுவதும் நிராகரிப்பு. இன்ஸ்பெக்டர் வந்து நிற்கும்போது, தைத்து முடித்துவிட்டோம், பட்டன் மட்டும் பாக்கி என்று எந்த ஏற்றுமதிக்காரரும் சொல்ல மாட்டார். பேக்கிங் முடிந்து பெட்டியில் இருப்பதைத்தான் அவர் எண்ணுவார். அப்பா இப்படி ஒரு கம்பெனி நடத்த, மகன் சரவணம்பட்டியில் உட்கார்ந்து 'டெஸ்டிங் மட்டும் பாக்கி' என்று சொல்லும் வீடுகள் கொங்கு நாட்டில் இருக்கத்தான் செய்யும்.

இந்த ஒப்பீடு ஓர் எல்லைவரைதான் ஓடும். பனியனில் 200-க்குப் பத்து குறை என்று பேரம் பேசலாம், ஏனென்றால் ஒரு பீஸின் தையல் பிசகு அடுத்த பீஸுக்குத் தொற்றாது. மென்பொருளில் பிழை ஒன்றுதான். ஆனால் அது எல்லாப் பயனர்களிடமும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். மாதிரி எடுத்துப் பார்த்து ஆறுதல்பட வழியில்லை. இரண்டாவது, பெட்டி தூத்துக்குடித் துறைமுகத்தைத் தாண்டியதும் பனியன் கம்பெனியின் வேலை தீர்ந்தது. மென்பொருள் போனபின்பும் நம் கையிலேயே இருக்கிறது; நாளைக்கே அதன்மேல் அடுத்த ஸ்டோரியை ஏற்ற வேண்டும். அரைகுறையாக விட்டது அடுத்த வேலைக்கு அடித்தளமாகிவிடுகிறது.

பொத்தான் வேறு ஊரில் இருக்கும்போது

தனக்காகவே மென்பொருள் செய்யும் நிறுவனத்துக்கு இதுவரை சொன்னவை போதும். ஆனால் கோவையில் நடக்கும் மென்பொருள் வேலையில் பெரும்பங்கு சேவை. வேறு ஊர், வேறு நாட்டு வாடிக்கையாளருக்காக நிரல் இங்கே எழுதப்படுகிறது. ஒருங்கிணைந்த சோதனை இன்னொரு நிறுவனத்தின் கையில் இருக்கலாம். வெளியிடும் பொத்தான் வாடிக்கையாளரின் சொந்தக் குழுவிடம் இருக்கும், அதுவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் அழுத்தப்படும். இங்குள்ள குழு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் தன் எல்லைக்குள் மட்டுமே முடிக்க முடியும். அதனால்தான் இந்த அலுவலகங்களில் 'டன்' (முடிந்தது) என்றும், அதற்கு மேலே 'டன் டன்' (உண்மையிலேயே முடிந்தது) என்றும் இரட்டைக் கணக்கு ஓடுகிறது.

கிரெய்க் லார்மன், பாஸ் வோடே இருவரும் பல குழுக்கள் சேர்ந்து ஸ்க்ரம் செய்வதற்காக உருவாக்கிய லெஸ் முறை இதை மறைக்காமல் பேசுகிறது. உண்மையில் வெளியிடுவதற்குத் தேவையானவை எல்லாவற்றையும் எழுது. அதில் ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் உன் குழுவால் செய்ய முடிந்தவை எவை என்று பிரி. மீதி இருப்பது முடிக்கப்படாத வேலை, அதற்குப் பெயர் கொடுத்துப் பலகையில் வை என்பது அதன் வழி. அந்த மீதியைச் செய்வதற்கென்றே பெரிய நிறுவனங்களில் தனித் துறைகள் முளைத்துவிடுகின்றன என்று சொல்லி, அவற்றை முடிக்காத வேலைக்கான துறை என்றே லெஸ் அழைக்கிறது. கேட்கக் கொஞ்சம் முரட்டுத்தனம். ஆனால் வெளியீட்டுக்கு முந்தைய வாரம் இரவு பகலாக உட்காரும் ஒருங்கிணைப்புக் குழுவைப் பார்த்தவர்களுக்கு அது மிகையாகத் தெரியாது.

நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது ஒப்பந்தத்தைப் பற்றி. பில் போடுவதற்கான மைல்கல், நிரல் ஒப்படைப்பு என்று எழுதியிருந்தால், அந்தக் குழுவின் உண்மையான முடிவு வரையறை அதுதான். சுவரில் எந்தப் பட்டியல் ஒட்டியிருந்தாலும் சரி. பணம் எந்த இடத்தில் கை மாறுகிறதோ அந்த இடத்தில்தான் கவனமும் நிற்கும். எனவே குழுவுக்கு ஸ்க்ரம் முறையைப் பழக்கும் ஸ்க்ரம் மாஸ்டர் எவ்வளவு பயிற்சி வகுப்பு நடத்தினாலும், மைல்கல்லை 'வாடிக்கையாளரின் சோதனைச் சூழலில் ஓடி, குறிப்பிட்ட சோதனைகளைத் தாண்டியது' என்றாவது மாற்றாமல் பெரிதாக ஒன்றும் மாறாது. இது விற்பனை ஆட்களும் சட்ட ஆட்களும் உட்காரும் மேஜையில் நடக்க வேண்டிய பேச்சு. டெவலப்பர்களைத் திட்டி ஆகப்போவதில்லை.

பொத்தானை அழுத்தும் அந்தக் கடைசி அடியும் முடிவின் பகுதிதான் என்பதற்கு 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நடந்ததைவிட வலுவான சான்று இல்லை. நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் புதிய நிரலைத் தன் எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏறியது. எட்டாவதில் ஏற்ற மறந்துவிட்டார்கள். இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதியும் இல்லை. அந்த எட்டாவது சர்வரில் 'பவர் பெக்' என்ற பழைய நிரல் கிடந்தது. 2003-லேயே பயன்பாட்டை நிறுத்தியது, நீக்கவில்லை. புதிய நிரல், அந்தப் பழையதை இயக்கிய அதே அடையாளக் குறியை மறுபடி எடுத்துக்கொண்டதால், சந்தை திறந்ததும் எட்டாவது சர்வரில் பழைய நிரல் விழித்துக்கொண்டது. ஆர்டர் நிறைவேறியது என்று கணக்கு வைக்கும் பகுதி அதிலிருந்து முன்பே பிரிக்கப்பட்டிருந்ததால், நிறுத்தத் தெரியாமல் ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. சுமார் 45 நிமிடங்கள். அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் 2013 உத்தரவின்படி நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். சந்தை திறக்கும் முன்பே, பவர் பெக் பெயரைச் சொல்லும் 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. அவற்றை எச்சரிக்கையாகப் படிப்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

எழுதியவருக்கு அந்த நிரல் முடிந்திருந்தது. ஏழு சர்வர்களிலும் முடிந்திருந்தது. 2003-இல் பவர் பெக்கை நிறுத்தியவர்களுக்கும் அன்றைக்கே வேலை முடிந்திருந்தது, நீக்குவது ஒன்றைத் தவிர.

எண்ணிக்கை விஷயத்துக்கு வருவோம். ஸ்பிரிண்டின் முடிவில் 80 சதவீதம் முடிந்த ஸ்டோரிக்கு, அதன் அளவுக்கேற்ப முன்பே மதிப்பிட்ட புள்ளிகளில் எத்தனை? பூஜ்யம். இந்த விதி கொடுமையாகத் தோன்றும். தேர்வில் பாதி விடைக்குப் பாதி மதிப்பெண் வாங்கி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் பாதி மதிப்பெண் கொடுத்தால் நடப்பது இதுதான்: எல்லோரும் எல்லாவற்றையும் தொடங்குவார்கள். தொடங்குவது சுகம். முடிப்பதில் அடுத்தவரைப் போய்க் கேட்க வேண்டும், நிரலை இன்னொருவர் படித்துப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும், பழைய ஃபோனைத் தேட வேண்டும். பின்னாளில் எம்.ஐ.டி. பேராசிரியரான ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி இங்கே உதவும். நிலையாக ஓடும் எந்த வரிசையிலும், சராசரியாக நடுவில் நிற்கும் வேலைகளை, சராசரியாக வாரத்துக்கு முடியும் வேலைகளால் வகுத்தால் ஒரு வேலை முடிய ஆகும் சராசரிக் காலம் வரும். 12 ஸ்டோரிகள் நடுவில் நிற்க, வாரத்துக்கு 3 முடிகின்றன என்றால், ஒவ்வொன்றும் சராசரியாக நான்கு வாரம் எடுக்கும். ஆளைக் கூட்டாமல், இரவு உட்காராமல், நடுவில் நிற்பதை 6 ஆகக் குறைத்தாலே, முடியும் வேகம் குறையாதவரை, இரண்டு வாரமாகிவிடும். எந்த வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று காட்டும் கான்பான் பலகைகளில் ஒவ்வொரு பத்திக்கும் உச்சவரம்பு போடுவதன் கணக்கு இவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கணக்கில் 'முடிகின்றன' என்பது பொய்யாக இருந்தால் எல்லாமே பொய். வெள்ளிக்கிழமை ஸ்டோரியை மூடிவிட்டு, அதே குறையைத் திங்கட்கிழமை புதிய பக்காக, அதாவது பிழைப் பதிவாக, திறக்கும் வித்தை எல்லோருக்கும் தெரிந்ததே. முடித்த புள்ளிகளின் கணக்கான வேகம் எண்ணாக ஏறுகிறது, பக்குகளும் எண்ணாக ஏறுகின்றன, இரண்டையும் ஒரே தாளில் பார்ப்பவர் இல்லை. குழுவின் வேகத்தை அடுத்த குழுவுடன் ஒப்பிட்டு அப்ரைசலில் எழுதும் வழக்கம் உள்ள இடத்தில் இதை நிறுத்தச் சொல்வது வீண். இலக்காக வைத்த எண்ணை மனிதர்கள் எட்டிக் காட்டிவிடுவார்கள்.

மறுபக்கமும் ஒரு வழுக்கல் இருக்கிறது. கோளாறு வந்த ஒவ்வொரு முறையும் பட்டியலில் ஒரு வரி சேர்த்துச் சேர்த்து, முப்பது வரியில் வந்து நிற்கும் குழுக்கள் உண்டு. முப்பது கட்டங்களிலும் டிக் அடிப்பதற்கு ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. படிக்காமல் அடித்தால் ஆகாதுதான். என் எண்ணம், ஏழெட்டு வரி போதும். ஆனால் ஒரு வரி நிறைவேறவில்லை என்றால் ஸ்டோரி உண்மையிலேயே நிற்க வேண்டும். எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பதை இயந்திரம் செய்யட்டும், மனிதர் தீர்மானிக்க வேண்டியதை மட்டும் பட்டியலில் வைக்கலாம். இருமுறை பதிவைத் தடுப்பதற்குத் தானியங்கிச் சோதனை எழுதிவிட்டால் அந்த வரியையே எடுத்துவிடலாம். தொடங்கும்போது சிறிதாக இருந்து, குழுவின் கை நீள நீள வரையறையும் நீள்வது நல்ல அறிகுறி. இன்றைக்கு வாடிக்கையாளரின் சூழலில் சோதிக்க அனுமதி இல்லை. அடுத்த ஆண்டு கிடைத்தால் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரே பொருளில் பல குழுக்கள் வேலை செய்தால் எல்லோருக்கும் ஒரே வரையறை இருக்க வேண்டும் என்கிறது ஸ்க்ரம் கைடு. நிறுவனத்துக்கென்று ஒரு தரம் இருந்தால் அது கீழ்வரம்பு. குழு அதற்கு மேலே சேர்க்கலாம், கீழே இறங்க முடியாது. இதில் விவாதிக்க அதிகமில்லை.

விவாதிக்க வேண்டியது, ஸ்பிரிண்டின் கடைசி நாளில் அரைகுறையாக நிற்கும் ஸ்டோரியை என்ன செய்வது என்பதுதான். பெரும்பாலான இடங்களில் அதை அப்படியே இழுத்து அடுத்த ஸ்பிரிண்டில் போட்டுவிடுகிறார்கள்; யாரும் கேட்பதில்லை. கைடு சொல்வது பேக்லாக்குக்குத் திரும்ப வேண்டும் என்று. வித்தியாசம் சிறியதாகத் தெரியலாம். பேக்லாக்குக்குத் திரும்பினால் புரொடக்ட் ஓனர் அதை மறுபடி ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன் அவசரமாக இருந்தது இன்றும் அவசரமா? திருப்பூர்க்காரருக்கு இந்த வாரம் ஆல்டர் பதிவைவிடச் சனிக்கிழமைச் சம்பளப் பட்டியல்தான் முக்கியம் என்றால், ஆல்டர் பதிவு காத்திருக்கட்டும். இவ்வளவு தூரம் செய்துவிட்டோமே என்பது அதை முடிப்பதற்குக் காரணமாகாது. முடிப்பதானால் மீதி வேலைக்குப் புதிதாக மதிப்பீடு போட வேண்டும். முடிப்பதில்லை என்றால், அதற்குள் பிரதானக் கிளையில் சேர்ந்துவிட்ட பாதி நிரலை வெளியே எடுக்க வேண்டும். நிரலை இயக்கவும் அணைக்கவும் உதவும் கட்டுப்பாட்டுக் குறிக்குப் பின்னால் மறைத்துவைத்திருந்தால் குறியையும் நிரலையும் சேர்த்தே நீக்க வேண்டும். அதற்கு ஆகும் அரை நாளையும் ஒரு வேலையாகப் பலகையில் போட்டு, அதே முடிவு வரையறைப்படி இன்னொருவர் பார்த்துத்தான் மூட வேண்டும்.